பேர் போடாத குன்னூர் ரிப்பேர் கடைக்கு 4 ஸ்டார்: லேப்டாப்புல யாரோ கை வச்சுட்டாங்கனு நம்பிட்டு போன கதை

போன நவம்பர்ல நான் எழுதி வச்சிருந்த ரிவ்யூ வேற. அது டவுன்ல இருக்குற இன்னொரு கடைக்கு. 1 ஸ்டார், ஒன்றரை பக்கம், "இவங்ககிட்ட லேப்டாப் குடுத்தா பார்ட்ஸையும் உருவிக்குவாங்க, உங்க கணக்குலயும் கை வைப்பாங்க"னு ஆரம்பிக்கும். போஸ்ட் பட்டனை அழுத்தப் போற நேரத்துல அந்த சனியன் புடிச்ச லேப்டாப் தானா ஆஃப் ஆயிடுச்சு. இப்ப நெனச்சா அது என் நல்ல நேரம், அந்த கடைக்காரருக்கும் நல்ல நேரம்.

நான் கோத்தகிரி. வீட்லருந்தே கணக்கு எழுதற வேலை, ரெண்டு பாட் லீஃப் ஃபேக்டரி (விவசாயிங்ககிட்ட பச்சை இலை வாங்கி டீத்தூள் பண்றது), நாலு மளிகைக்கடை, ஒரு ஹோம்ஸ்டே. மாசக் கடைசில இலைக்காசு கணக்கு முடியலேன்னா ஃபேக்டரி வாசல்ல என்ன நடக்கும்னு தேயிலை போடுறவங்களுக்கு தெரியும். லேப்டாப் நாலு வருசப் பழசு, அது ஸ்டார்ட் ஆகறதுக்குள்ள டீ போட்டு குடிச்சு டம்ளரும் கழுவி வச்சிடலாம், அதனால அக்டோபர் ஆரம்பத்துல டவுன் கடைல குடுத்து பழைய டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டிங்கற வேகமான டிஸ்க் போட்டு ஃபேன் க்ளீன் பண்ணி வாங்கினேன். 4,200 ரூபா. ஸ்பீடு நல்லாவே வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா அங்க வேலை பாக்குற தம்பி பாஸ்வேர்டு கேட்டான், சொன்னேன், அவன் அதை ஒரு வெள்ளை டேப்புல பேனால எழுதி லேப்டாப் மூடி மேலயே ஒட்டிட்டான். வர்றவன் போறவன் எல்லாம் படிக்கலாம். அப்பவே சுருக்குனு இருந்துச்சு. வாயத் தொறக்கல, அது என் தப்பு.

அடுத்தது மழை. கூடலூர் பந்தலூர் பக்கம் ஜூன் ஜூலைல கொட்டித் தீர்க்கும், எங்க கோத்தகிரி குன்னூர் பக்கத்துக்கு ஐப்பசி கார்த்திகைதான். 2009 நவம்பர்ல மண்ணு சரிஞ்சதெல்லாம் கண்ணால பாத்த ஊரு இது. இந்த தடவை அந்தளவுக்கு இல்ல, ஆனா பத்து நாளா வெயில் மூஞ்சியே பாக்கல, துணி காயல, உப்பு டப்பால தண்ணி, பீரோக்குள்ள வச்ச செருப்புல பூசணம். அந்த பத்து நாளுக்குள்ளதான் லேப்டாப் பேயாட்டம் ஆட ஆரம்பிச்சது.

மொதல்ல கர்சர். நான் கையே வைக்காம ஸ்கிரீன்ல அதுபாட்டுக்கு குதிச்சு குதிச்சு ஓடும், சில நேரம் எதையாச்சும் போய் திறக்கும். அப்புறம் நடு வேலைல பொட்டுனு ஆஃப். சரி பழசுனு விட்டேன். விடமுடியாம பண்ணினது ஒரு ஃபோன். எங்க ஃபேக்டரிக்கு இருபது வருசமா இலை போடுற பெரியவர், "ஏம்மா, நான் 5,000 தான அட்வான்ஸ் வாங்கினேன், 50,000னு எழுதிருக்கியாமே, என் இலைக்காசு மொத்தமே அவ்ளோ வராதே"னு. சத்தம் கூட போடல, மெதுவாதான் கேட்டார், எனக்குத்தான் வயித்தக் கலக்கிடுச்சு. கணக்கு எழுதற சாஃப்ட்வேர் டேலிய திறந்து பாத்தா ஆமா, 50,000. என் கை 5,000னுதான் அடிச்சது, சத்தியம் பண்ணுவேன். இன்னும் ரெண்டு இடத்துல அதே கதை, ஒரு பூஜ்யம் சேர்ந்து உக்காந்திருக்கு. பூஜ்யம் தானா போய் உக்காருமா? யாரோ உக்கார வச்சாதான உக்காரும்?

அவ்ளோதான், அன்னைக்கு ராத்திரில இருந்து நான் கணக்குப்பிள்ளை இல்ல, சிஐடி.

சந்தேகம் வந்துட்டா தேடுற இடத்துல எல்லாம் சாட்சி கெடைக்கும்ங்க. என் வீட்டுக்காரர் வேற எரியிற நெருப்புல எண்ணெய், "கடைல குடுத்தா நல்ல ரேமை எடுத்துட்டு டுபாக்கூர் ரேம் போட்டுடுவாங்க, என் ஃப்ரெண்டுக்கே நடந்துச்சு"னு. போய் பாத்தா 8 ஜிபினு போட்டு பக்கத்துலயே 5.9 ஜிபி தான் யூஸ் பண்ணலாம்னு காட்டுது. ரெண்டு ஜிபி அபேஸ்! எஸ்எஸ்டி 512னு பில்லுல இருக்கு, உள்ள 476. அதுலயும் 36 போச்சு! லேப்டாப்பைத் திருப்பிப் போட்டா 11 ஸ்க்ரூ ஓட்டை, 9 ஸ்க்ரூ. அதுல ஒண்ணு மத்ததுமாதிரி கறுப்பு இல்ல, வெள்ளி கலர். சார்ஜ் போட்டுட்டு பாடியைத் தொட்டா சுர்ருனு மெல்லிசா ஒரு ஷாக், முன்னாடி இருந்துச்சா இல்லையானு இப்ப யோசிச்சா ஞாபகம் வரல, ஆனா அப்ப "முன்னாடி இல்லவே இல்ல"னு அடிச்சு சொன்னேன். யூடியூப் பாத்து, லேப்டாப்புல நடந்ததை விண்டோஸ் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்னு ஒண்ண திறந்தேன், செவப்பு செவப்பா "கெர்னல் பவர் 41"னு வரிசையா நிக்குது, பேரே மிலிட்டரிக்காரன் மாதிரி இருக்கேனு பயந்துட்டேன். எல்லாத்துக்கும் மேல, சாஃப்ட்வேர் லிஸ்ட்ல எனிடெஸ்க். வேற எங்கயோ உக்காந்துட்டு நம்ம லேப்டாப்பை ஓட்டுற சாஃப்ட்வேர். எனக்கு கை நடுங்கிடுச்சு. பாஸ்வேர்டு அவன்கிட்ட இருக்கு, எனிடெஸ்க் இருக்கு, கர்சர் தானா ஓடுது, கணக்குல பூஜ்யம் கூடுது. இதுக்கு மேல கோர்ட்டுக்கு என்ன வேணும் சொல்லுங்க.

சைபர் கிரைம் 1930 நம்பரை ஃபோன்ல போட்டு வச்சிட்டு அழுத்தல. காரணம் எங்க ஆடிட்டர் ஆபீஸ் அக்கா. "1930 பணம் போனா உடனே அடிக்கிற நம்பர், உனக்கு பணம் எதுவும் போகல, மொதல்ல டேலில எடிட் லாக் பாத்தியா"னு கேட்டாங்க. 2023 ஏப்ரல்ல இருந்து கம்பெனி கணக்குக்கு யாரு எப்ப என்ன மாத்தினாங்கனு ரெக்கார்டு இருந்தே ஆகணும்னு சட்டம், அதனால ஃபேக்டரி கணக்குல அது ஓடிட்டுதான் இருந்திருக்கு, எனக்குத்தான் அங்க போய் பாக்கணும்னு தோணல. பாத்தா அந்த 50,000 என்ட்ரி ஒரே ஒரு தடவைதான் பதிவாகியிருக்கு, சாயங்காலம் 6:40, என் பேர்ல. அப்புறம் யாரும் தொடவே இல்ல. அதாவது மாத்தல, பொறக்கும்போதே 50,000 ஆத்தான் பொறந்திருக்கு. அக்கா ஒரு மாதிரி சிரிச்சாங்க. எனக்கு இன்னும் கோவம், நான் அவ்ளோ கண்ணு தெரியாதவளானு. அவங்கதான் இந்த குன்னூர் கடையைச் சொன்னாங்க, "அவர்கிட்ட குடு, அவர் சொன்னா நான் நம்புவேன்".

இனிமேதான் ரிவ்யூ.

கடைக்கு பேர் இருக்கு, ஆனா போடாதீங்கனு அவரே சொல்லிட்டார், இருக்குற கூட்டமே தாங்கலையாம். குன்னூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி மார்க்கெட் பக்கம் நடந்து படிக்கட்டு ஏறணும், எண்ணல, மூச்சு வாங்குற அளவுக்கு இருக்கு. அடையாளம்னா வாசல்ல பழைய குண்டு டிவி, அது மேல ஒரு சாம்பல் பூனை. உள்ள ரெண்டு ஆள் நின்னா மூணாவது ஆள் படிலதான் நிக்கணும். ஒரு பக்கம் மிக்ஸி, ஹோம் தியேட்டர், யாரோட எமர்ஜென்சி லைட்டோ, இன்னொரு பக்கம் சுத்தமா ஒரு மேசை, பச்சை ரப்பர் விரிப்பு, மைக்ராஸ்கோப், மேல தொங்குற ஒரு குண்டு பல்பு. அண்ணனுக்கு அம்பது வயசு இருக்கும், குல்லா, ஸ்வெட்டர், மூக்கு நுனில கண்ணாடி. கோத்தகிரில இருந்து மழைல பஸ்ஸுல வந்து நிக்கிறேன், "உக்காருங்கம்மா"னு ஒரு ஸ்டூலைத் தள்ளிட்டு கைல இருந்த வேலைய முடிக்க கால் மணி நேரம். முடிச்சிட்டுத்தான் நிமிந்தார்.

நான் மூச்சு விடாம எல்லாத்தையும் கொட்டினேன். ரேம், எஸ்எஸ்டி, ஸ்க்ரூ, எனிடெஸ்க், பூஜ்யம், அந்த தம்பி, வெள்ளை டேப்பு. குறுக்க பேசவே இல்ல. கடைசில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், "காலைல எங்க வச்சு வேலை பாக்குறீங்க?" நான் என்ன சொல்லிட்டிருக்கேன், இவர் என்ன கேக்குறாருனு கடுப்பாயிடுச்சு. பாஸ்வேர்டு சொல்ல வாயெடுத்தேன், கையக் காட்டி நிறுத்திட்டார். "வேணாம். தேவைப்பட்டா உங்களையே அடிக்கச் சொல்றேன்." அந்த ஒரு வார்த்தைக்கே ரெண்டு ஸ்டார் குடுத்துட்டேன் மனசுல.

லேப்டாப்பை ஆன் பண்ணி விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே ஏதோ ஒரு கீய அழுத்தி பயாஸுக்குள்ள, அதாவது லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ஸுக்குள்ள போனார். நீலமும் சாம்பலுமா ஒரு ஸ்கிரீன். அதுல பயாஸுக்கு பாஸ்வேர்டு வைக்கிற இடம்னு ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதைத் திறந்து வச்சிட்டு ரெண்டு கையையும் தூக்கி காட்டினார், மேஜிக் ஷோக்காரர் மாதிரி. "நானும் தொடல, நீங்களும் தொடாதீங்க. பாருங்க." ஒண்ணும் நடக்கல. நான் மனசுக்குள்ள, பாத்தியா, கடைக்கு வந்தா மட்டும் ஒழுங்கா இருக்கும்னு நெனச்சுட்டே இருக்கேன், ஒரு நிமிசம் ஆச்சு. அந்த கட்டத்துல ஒரு ஸ்டார், பாஸ்வேர்டு அடிச்சா எழுத்துக்குப் பதிலா வருமே அது, விழுந்துச்சு. யாரும் தொடல. இன்னொரு ஸ்டார். அப்புறம் கடகடனு நாலஞ்சு. அந்த டவுன் கடைக்கு நான் குடுக்காத ஸ்டார் எல்லாம் அங்க வந்து விழுந்துச்சுங்க.

"இப்ப நெட்டு இல்ல. விண்டோஸ் இன்னும் ஓடவே ஆரம்பிக்கல. எனிடெஸ்க்லாம் விண்டோஸுக்குள்ள இருக்குறது, அது தூங்குது. அப்புறம் எந்த ஹேக்கர் வந்து அடிக்கிறான்?"னார்.

நான் விடுவேனா? "அப்ப உள்ள ஏதாச்சும் சிப்பு கிப்பு வச்சிருப்பாங்க"ன்னேன். அதுக்கும் சிரிக்கல மனுசன். அந்த குண்டு பல்பை இழுத்து கீபோர்டோட வலது பக்கம், நம்பர் கீங்க இருக்குற எடத்துக்கு மேல ஒரு சாண் உயரத்துல நிறுத்தினார். எனக்கு ஒரு டீ சொன்னார், கூட ஒரு வர்க்கியும் வந்துச்சு. இருபது நிமிசம் கழிச்சு அதே கட்டத்தைத் திறந்து வச்சா ஒரு ஸ்டாரும் இல்ல. அஞ்சு நிமிசம் பாத்தோம், பத்து நிமிசம் பாத்தோம், ஒண்ணுமில்ல. "சிப்பு இருந்தா பல்பு வெளிச்சத்துக்கு பயப்படாதும்மா. பயப்படுறது ஈரம்."

வர்க்கி நமத்துப்போயிருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். அன்னைக்கு எல்லாமே நமத்துதான் இருந்துச்சு.

கீபோர்டு கீங்களுக்கு அடில மெல்லிசா பிளாஸ்டிக் ஷீட்டு ரெண்டு மூணு ஒண்ணு மேல ஒண்ணா இருக்குமாம், அதுல கோடு கோடா கரெண்டு போற பாதை. கீய அழுத்தினா மேல் ஷீட்டும் கீழ் ஷீட்டும் தொட்டுக்கும். நடுவுல ஈரம் புகுந்துட்டா அழுத்தாமலே தொட்டமாதிரி ஆயிடும். என் லேப்டாப்புல அது புகுந்த எடம் நம்பர் பேடு பூஜ்யத்துக்கு அடில. 5,000 அடிச்சு என்ட்டர் தட்டுறதுக்குள்ள அதுவே இன்னொரு பூஜ்யத்தைப் போட்டிருக்கு, நான் வவுச்சரைப் பாத்துட்டே அடிக்கிறவ, ஸ்கிரீனைப் பாக்கல. எடிட் லாக்ல ஒரே பதிவா இருந்ததுக்கு அர்த்தம் அப்பதான் புரிஞ்சது.

அப்புறம் நம்ம மிலிட்டரிக்காரர், கெர்னல் பவர் 41. அது ஆளு இல்ல, ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம நின்னுட்டு மறுபடி ஆன் ஆச்சுனு விண்டோஸ் எழுதி வைக்கிற குறிப்பு, ஏன் நின்னுச்சுனு தலைப்புல இருக்காது. ஆனா அதுக்குள்ள டீட்டெயில்ஸ்னு இன்னொரு பக்கம் இருக்கு, அதுல பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்னு ஒரு வரி. சாதாரணமா கரெண்டு போயோ தொங்கியோ நின்னா அது பூஜ்யமா இருக்கும். பவர் பட்டனை யாராச்சும் அழுத்திப் புடிச்சு நிறுத்தியிருந்தா அங்க பெரிய நம்பர் இருக்கும். என்கிட்ட பாஸ்வேர்டு அடிக்கச் சொல்லிட்டு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார், அப்புறம் திறந்து காட்டினார். பெரிய நம்பர். எல்லாத்துலயும்.

"அப்ப யாரோ அழுத்திருக்காங்கல்ல!"னு நான் ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சிட்டேன், சிஐடி இன்னும் சாகல பாருங்க. அவர் கீபோர்டோட மேல் மூலையத் தொட்டுக் காட்டினார். என் மாடல்ல பவர் பட்டன் தனியா இல்ல, கீபோர்டுலயே ஒரு கீ, அதே ஷீட்டு, அதே ஈரம். "யாரோ அழுத்தினாங்கனுதான் லேப்டாப்பும் நெனச்சிருக்கு. உங்கள மாதிரியே"ன்னார். இதுக்கு மட்டும் லேசா சிரிச்சார்.

மத்ததெல்லாம் டபடபனு உடைச்சார். 512 ஜிபிங்கறது கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுற கணக்கு, விண்டோஸ் 1024 வச்சு எண்ணும், அப்படி எண்ணினா 476 தான் வரும், உலகத்துல எல்லா 512க்கும் அதேதான். ரேமுல ரெண்டு ஜிபிய யாரும் திருடல, ஏஎம்டி பிராசசர்ல கிராஃபிக்ஸ் உள்ளயே இருக்கறதால அதுக்குனு ஒதுக்கி வச்சிருக்கு, வாங்கின நாள்ல இருந்தே அப்படித்தான் இருந்திருக்கும், நான் பாத்ததில்ல. கர்சர் குதிக்கிறதும் அந்த சுர்ரும் ஒரே வியாதி: வீட்ல மூணு பின்னை ரெண்டு பின்னா மாத்துற கன்வெர்ட்டர் போட்டு சார்ஜ் பண்றேன், எர்த் இல்ல, கொஞ்சூண்டு கரெண்டு பாடில நிக்குது, டச் பேடு அதை விரல்னு நெனச்சுக்குது. அவர் கடை எர்த்துல போட்டப்ப கர்சர் பூனைக்குட்டி மாதிரி அடங்கி இருந்துச்சு, ரெண்டு பின் எக்ஸ்டென்ஷன்ல மாத்தினதும் குதிச்சது. எனிடெஸ்க்? இன்ஸ்டால் ஆன தேதி பாருங்கனார். டவுன் கடைல குடுக்குறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. ஆடிட்டர் ஆபீஸ் அக்காதான் ஒரு நாள் ரிட்டர்ன் போட அவசரத்துல அங்கருந்தே என் லேப்டாப்புல பாத்தாங்க, அப்ப அவங்க சொல்லி நானே போட்டது! பழைய டிஸ்க்ல இருந்ததை எல்லாம் அப்படியே காப்பி பண்ணி புது எஸ்எஸ்டிக்கு மாத்தினதால இதுவும் கூடவே வந்திருக்கு. அக்காவுக்கு ஃபோன் போட்டா "அட ஆமால்ல"ங்கறாங்க. நல்லா இருக்கு கதை.

எஸ்எஸ்டி புதுசுதானானும் பாத்தார், இது எல்லாரும் தெரிஞ்சுக்கணும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோனு ஒரு இலவச சாஃப்ட்வேர், அதுல பவர் ஆன் ஹவர்ஸ்னு அந்த டிஸ்க் இதுவரைக்கும் எத்தனை மணி நேரம் ஓடிருக்குனு காட்டும். பழசை துடைச்சு புதுசுனு போட்டிருந்தா ஆயிரக்கணக்குல நிக்கும். என்னது 200 சொச்சம், நான் உபயோகிச்ச கணக்குக்கு சரியா வந்துச்சு. பேட்டரிக்கும் விண்டோஸ்லயே பேட்டரி ரிப்போர்ட்னு ஒண்ணு எடுத்தார், கம்பெனில போட்டப்ப எவ்ளோ, இப்ப எவ்ளோ புடிக்குதுனு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வருது. நாலு வருசத்துக்கு தேய வேண்டியது தேஞ்சிருந்துச்சு, அவ்ளோதான்.

மிஞ்சினது ஸ்க்ரூ. அதுக்கு மட்டும் அவர் முகம் மாறிச்சு. அடி மூடியைக் கழட்டினார், ஒரு பேப்பர்ல லேப்டாப் அடிப்பக்கத்தை கோடு போட்டு வரைஞ்சு எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைல இருந்துச்சோ அங்கயே பேப்பர்ல குத்தி வச்சார். அந்த வெள்ளி கலர் ஸ்க்ரூ மத்ததைவிட ஒரு சுத்து நீளம். "இது இன்னும் கொஞ்சம் உள்ள போயிருந்தா போர்டையே குத்தியிருக்கும், அப்புறம் உங்க சந்தேகத்துக்கு வேலையே இல்ல, லேப்டாப்பே இருந்திருக்காது." இல்லாத ரெண்டு ஸ்க்ரூவும் முன் ஓரம், வலது மூலை. அங்க மூடி நகக்கண்ணு அளவுக்கு வாய் பொளந்துட்டு நிக்குது. மைக்ராஸ்கோப்ல அந்த மூலையைக் காட்டினார். போர்டுல சாலிடர் வச்ச புள்ளிங்க எல்லாம் வெள்ளி மாதிரி மின்னுது, அந்த ஓரத்துல மட்டும் நாலஞ்சு புள்ளி மேல பச்சை, செம்புப் பாத்திரத்துல களிம்பு ஏறுமே, அதே பச்சை. பக்கத்துல ஒரு செத்த எறும்பு, யானை சைஸுக்கு.

அப்பதான் மறுபடி கேட்டார், காலைல எங்க வச்சு வேலை பாக்குறீங்கனு. சொன்னேன். வீட்டுக்காரர் ராத்திரி ஷிஃப்டுக்கு போறப்ப லேப்டாப்பை ஃபேக்டரி ஆபீஸுக்கு எடுத்துட்டு போவார், விடிகாலைல பைக்ல மிஸ்ட்டுக்குள்ள வந்து குடுப்பார், நான் அப்படியே வாங்கி சமையக்கட்டுல வச்சு ஆன் பண்ணுவேன், அங்கதான் கதகதப்பா இருக்கும், ஒரு பக்கம் விறகடுப்புல அண்டா நெறைய குளிக்கத் தண்ணி கொதிக்கும். "நீங்க கண்ணாடி போடுறவங்கதான? வெளிய இருந்து அந்த சமையக்கட்டுக்குள்ள போனா கண்ணாடி என்னாகும்?"னார். மங்கிடும். "அது வெளிய தெரியுது, துடைச்சிடறீங்க. அதே பனி லேப்டாப்புக்குள்ள போர்டு மேலயும் படியுது, அதை யாரு துடைப்பா? அந்த நேரத்துலயே கரெண்டை வேற விடறீங்க."

அவங்க அப்பா எச்பிஎஃப்ல வேலை பாத்தவராம். தெரியாதவங்களுக்கு, ஊட்டி இந்துநகர்ல இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960ல ஆரம்பிச்ச கம்பெனி, 67ல உற்பத்தி, ஒரு காலத்துல எக்ஸ்ரே ஃபிலிம்ல இருந்து எல்லாம் "இந்து"ங்கற பேர்ல அங்கருந்துதான் போச்சு. இப்ப மூடிட்டாங்க. ஃபிலிமுக்கு தூசியும் ஆகாது, ஈரமும் கூடக்குறைய ஆகாது, அப்பா வீட்ல கேமராவை பல்பு போட்ட மரப்பொட்டிக்குள்ளதான் வைப்பாராம், சாப்பிட்ட கையோட தொட்டா அடி விழுமாம். இவருக்கு இந்த ஈரப் பைத்தியம் எங்கருந்து வந்துச்சுனு புரிஞ்சது. அரிசி டப்பாக்குள்ள போட்டு வைக்கட்டுமான்னேன், "சோறாக்குங்க"ன்னார்.

வேலை விசயம் சுருக்கமா. போர்டை ஏதோ ஸ்பிரிட்டும் பிரஷும் வச்சு கழுவினார், பச்சை போச்சு, போர்டு தப்பிச்சது. கீபோர்டு மாத்தியே ஆகணும், கோயம்புத்தூர்ல இருந்து பஸ் பார்சல்ல வரணும். என் மாடல்ல கீபோர்டுக்கு ஸ்க்ரூவே இல்ல, பிளாஸ்டிக் முளைங்களை உருக்கி ஒட்டிருப்பாங்க, அத்தனையையும் சால்டரிங் அயர்னால உருக்கி எடுத்து திரும்ப உருக்கி ஒட்டணும், பாக்கவே பல்லு கூசுற வேலை. கீபோர்டு 1,850, கூலி 900, மொத்தம் 2,750. கழட்டின பழைய கீபோர்டை ஒரு நியூஸ் பேப்பர்ல சுத்தி என்கிட்டயே குடுத்தார், கேக்காமலே.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, மூணு நாள்னு சொல்லி ஒம்பது நாள். ஃபோன் எடுக்க மாட்டார், எடுத்தாலும் "பாத்துட்டிருக்கேன்மா"னு வச்சிடுவார். மத்தியானம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் பூட்டு, இது தெரியாம கோத்தகிரில இருந்து போய் பூனையோட ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். பில்லு கேட்டாதான் குடுக்குறார், கணக்கு எழுதறவகிட்டயே இப்படினா பாத்துக்கங்க. கொஞ்சம் வாத்தியார்தனமும் இருக்கு, நாம கேட்டது ஒண்ணுனா அவர் சொல்றது பத்து. அவசரக்காரங்க போகாதீங்க.

அந்த ஒம்பது நாளும் நான் தப்பாவே நெனச்சேனேனு வருத்தம் இருந்துச்சுதான், ஆனா முழுசா இல்ல. டவுன் கடைக்காரங்க திருடல, ஹேக் பண்ணல, சரி. பாஸ்வேர்டை டேப்புல ஒட்டினது? ரெண்டு ஸ்க்ரூவைத் தொலைச்சிட்டு சொல்லாம மூடினது? அந்த வாய் பொளந்த மூலை வழியாத்தான் ஈரம் ஈஸியா போச்சுனு அண்ணனே சொன்னார், அது இல்லேன்னாலும் என் சமையக்கட்டு என்னைக்காவது வேலையக் காட்டியிருக்கும்னும் சொன்னார். ரெண்டு பேர் மேலயும் பங்கு போட்டுட்டார்.

சந்தேகப்படாம இருக்க ஒரு வழி சொல்லிக்குடுத்தார், இதுக்காகவே இந்த ரிவ்யூ எழுதலாம். கடைல குடுக்குறதுக்கு முன்னாடி ரேம் எவ்ளோ, டிஸ்க்கோட சீரியல் நம்பர் என்ன, எத்தனை மணி நேரம் ஓடிருக்கு, எல்லாத்தையும் ஃபோன்ல ஃபோட்டோ புடிச்சு வச்சுக்கணும். அடிப்பக்கம் ஸ்க்ரூவையும் ஃபோட்டோ எடுக்கணும், ரெண்டு ஸ்க்ரூ தலை மேல நெயில் பாலிஷ் ஒரு சொட்டு, ஸ்க்ரூவும் பாடியும் சேர்ந்து ஒட்டுற மாதிரி. யாராவது திருகினா வெடிப்பு விடும், அதே மாதிரி திரும்ப வைக்க முடியாது. பாஸ்வேர்டு கேட்டா நாமளே அடிச்சுக் குடுக்கணும், இல்ல தற்காலிகமா ஒண்ணு மாத்திக் குடுத்துட்டு வந்ததும் மாத்திடணும். காலைல லேப்டாப் வெளிய இருந்து வந்தா பையைத் திறக்காம ஒரு மணி நேரம் அப்படியே வச்சிட்டு, அப்புறமா எடுக்கணும், அதுவும் சமையக்கட்டுல இல்ல. என் வீட்ல நெயில் பாலிஷ் போடுறது என் பொண்ணு மட்டும்தான், அவகிட்ட இருந்தது அடிக்கிற ரோஸ் கலரு, இப்ப என் லேப்டாப் அடிப்பக்கம் மருதாணி வச்ச மாதிரி இருக்கு.

இலைக்காரப் பெரியவர்கிட்ட நேர்ல போய் சொன்னேன், மெசின் தப்புனு. "மெசினுக்கும் குளுருதா"ன்னார், அதோட விட்டுட்டார்.

போன வாரம் டவுன் பக்கம் போனப்ப அந்த கடைக்கும் போனேன். சண்டைக்கு இல்ல, ரெண்டு ஸ்க்ரூ கேக்க. குன்னூர் அண்ணன்கிட்ட அந்த சைஸ் இல்லேனு முன் மூலைல ஒண்ணு மட்டும் எங்கயோ தேடிப் போட்டு விட்டிருந்தார். அதே தம்பி, அதே சிரிப்பு. தம்பி, என் லேப்டாப்புல ஸ்க்ரூ கொறஞ்சுதுப்பான்னேன். "அப்படியாக்கா?"னு மேசைக்கு அடில இருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வச்சான், கழுத்து வரைக்கும் ஸ்க்ரூ, கறுப்பு, வெள்ளி, நீளம், குட்டை, எத்தனை பேர் லேப்டாப்புல இருந்து வந்ததோ. "இதுல பாத்து எடுத்துக்கங்கக்கா, காசெல்லாம் வேணாம்."

பொறுக்கிப் பொறுக்கி ரெண்டு எடுத்துட்டு வந்தேன். ஒண்ணு சரியா உக்காந்துச்சு.